வெள்ளைச் சுவரில் ஒரு சொத்தைப் பல்

அத்தியாயம் 9

"தொடாதீங்க, ஒட்டும்!"

டாக்டர் பெத்யூன் கத்துவதற்கும் கிடியன் ரேட்டர் சுவரில் விரலை வைப்பதற்கும் சரியாக இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தான். நுனி கன்னங்கரேலென்று இருந்தது.

"குத்தவாளியோட ரேகை கிடைக்கல மேடம். ஆனா என்னோடது அருமையா விழுந்திருக்கு" என்றான்.

ஆஸ்லா இன்க்ஸ்டர் சிரிக்கவில்லை. மூக்கைச் சுவருக்கு இரண்டு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு நின்றார். சுங்க இலாகாவில் இருபத்தாறு வருடம் பிறத்தியார் பெட்டிகளை முகர்ந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே லெர்விக் நகரத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். கிடியன் அதுவரை கப்பலில் சாண்ட்விச் விற்றுக்கொண்டிருந்தான். நாற்பது வயதில் அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். இருவரும் நேற்று மதியப் படகில்தான் ஸ்வார்தா தீவுக்கு வந்து இறங்கியிருந்தார்கள்.

அவர்கள் எதிரே நின்ற மதில் நூறடி நீளம். கலங்கரை விளக்கின் கோபுரம் கடல் விளிம்பில் நிற்க, அதற்கு இருபது கஜம் பின்னால், தீவுப் பக்கமாக இந்த மதில். முழுவதும் புதுச் சுண்ணாம்பு. பார்த்தால் கண் கூசும். அதன் நடுவில் ஆறடி உயரம், நாலடி அகலத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

"இது அஞ்சாவது தடவை" என்றார் டாக்டர். "நான் வெள்ளையடிப்பேன். ரெண்டு நாள்ல கறுப்பாயிடும். மறுபடி சுரண்டி வெள்ளையடிப்பேன். மறுபடி கறுப்பு. முப்பது வருஷம் பல் டாக்டரா இருந்திருக்கேன், இவ்வளவு பிடிவாதமான சொத்தையை நான் பார்த்ததில்ல."

"நீங்க ராத்திரில முழிச்சுப் பார்க்கலையா?"

"காத்து சத்தம் தாங்காம காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு எட்டு மணிக்கே படுத்துடுவேன்."

"தீவுல எல்லாருக்கும் இது தெரியுமா?"

"நான்தான் கடையில சொன்னேன்" என்றார் டாக்டர் அப்பாவியாக.

கிடியன் வானத்தைப் பார்த்தான்.

டாக்டருடைய சங்கடம் விளையாட்டில்லை. தொலைவில் ஒரு பாறையின் மேல் தானாக எரியும் சின்ன விளக்கை வைத்தபிறகு, கலங்கரை விளக்கு இலாகா இந்தப் பழைய கோபுரத்தை விற்பனைக்கு விட்டது. பெர்த் நகரத்தில் இருந்த வீட்டையும் பல் ஆஸ்பத்திரியையும் விற்றுவிட்டு அவர் இதை வாங்கினார். பத்திரத்தில் ஒரு நிபந்தனை: விளக்குக் காவலர்கள் விட்டுச் சென்றபடி கட்டடத்தைச் சீர் செய்திருக்க வேண்டும். நாளை வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு, பார்வையிட கில்கிறைஸ்ட் என்ற அதிகாரி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் கோபுரம் டாக்டருக்கு. போடாவிட்டால் விற்பனை ரத்து. டாக்டருக்கு வேறு வீடு இல்லை, திரும்பிப் போக ஊரும் இல்லை.

"யார் மேல சந்தேகம்?" ஆஸ்லா கேட்டார்.

"லோரி ஹால்க்ரோ. சந்தேகமே இல்ல. நான் வந்த முதல் நாளே இங்க வந்து நின்னான். 'அந்தக் கதவு அங்கயே இருக்கட்டும்'னான். ஏன்னு கேட்டேன். பதில் சொல்லாம போயிட்டான். அதுலேருந்து வணக்கம் சொன்னாக்கூட முகத்தைத் திருப்பிக்கிறான்."

"எந்தக் கதவு?"

"இங்க ஒரு கதவு இருந்துது. கரி அறைக் கதவு. உளுத்துப்போய், தார் அப்பிக்கிட்டு, பார்க்கவே அசிங்கம். பிடுங்கிட்டேன்."

"பிடுங்கிட்டு?"

"அடைச்சுட்டேன். கல்லு வெச்சு, சுவர் முழுக்கப் பூச்சும் பூசியாச்சு. எங்க இருந்துதுன்னு நானே தேடணும், அவ்வளவு சுத்தமா."

"பழக்க தோஷம்" என்று கிடியன் முணுமுணுத்தான்.

டாக்டர் உள்ளே போய் நாலு சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் கொண்டுவந்தார். பிடுங்கிய பற்களைப் போட்டு வைக்கும் குப்பிகள். ஒவ்வொரு முறை சுரண்டியபோதும் விழுந்த கறுப்புத் தூளை அவற்றில் போட்டு, தேதி எழுதி ஒட்டியிருந்தார். ஆஸ்லாவின் முகத்தில் முதல் முறையாகச் சந்தோஷம் தெரிந்தது.

அவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தார். "இது கூரைக்குப் பூசுற தார். இது அடுப்புக்குப் போடுற கறுப்பு மெருகு. இது படகோட அடியில அடிக்கிற பெயிண்ட். இது வலையை நனைக்கிற மரத்தார்." பிறகு சுவரைப் பார்த்தார். "இன்னைக்கு அடிச்சது ஷூ பாலிஷ். நல்ல சரக்கு."

"ஆறடிக்கு நாலடி ஷூ பாலிஷா?" கிடியன் வாயைப் பிளந்தான். "எத்தனை டப்பா ஆகியிருக்கும்? தந்திரக்காரன் மேடம். ஒவ்வொரு தடவையும் வேற வேற கடையில வாங்கியிருக்கான், நம்மளைக் குழப்ப."

"இந்தத் தீவுல எத்தனை கடை?"

"ஒண்ணு."

"அப்போ?"

கிடியன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

ஆஸ்லா கட்டத்தின் ஓரங்களைப் பார்த்தார். சட்டம் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தன. கீழே ஒரு சொட்டு வழிந்து, யாரோ அதைத் துணியால் துடைத்திருந்தார்கள். துடைத்த இடத்தில் சுண்ணாம்பு போய்விட, அதன் மேல் மறுபடி வெள்ளை தொட்டு வைத்திருந்தார்கள்.

"கிடியன், நாசம் பண்ண வந்தவன் வழிஞ்சதைத் துடைப்பானா?"

"நல்ல குடும்பத்துப் பையன் போலிருக்கு."

"போய், பாதையில நடந்து பாரு. இந்தக் கட்டம் எங்கெங்கேருந்து தெரியுதுன்னு சொல்லு."

கிடியன் மதிலைச் சுற்றிக்கொண்டு போனான். பாதையிலிருந்து தெரியவில்லை. குடிசைகளிலிருந்து தெரியவில்லை. துறைமுகம் தீவின் கிழக்குப் பக்கம். அங்கிருந்து கோபுரத்தின் தலை மட்டும்தான் தெரிந்தது. ஒரு ஆட்டுக்கடா அவனை முறைத்தது. அது நின்ற இடத்திலிருந்தும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, நனைந்த சாக்ஸோடு திரும்பி வந்தான்.

"இந்த முற்றத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியும். இல்லாட்டி மீனுக்குத் தெரியும்."

"ரெண்டாவது சொன்னியே, அதுதான் துப்பு" என்றார் ஆஸ்லா.

மூவரும் கோபுரத்தின் உச்சிக்கு ஏறினார்கள். நூற்றுப்பதினெட்டுப் படிகள். கிடியன் எண்ணவில்லை, டாக்டர்தான் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே ஏறினார். உச்சியில் கண்ணாடி அறை. அதன் நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூடு: நூற்றுக்கணக்கான பட்டைக் கண்ணாடிகளை வளையம் வளையமாக அடுக்கிப் பித்தளைச் சட்டத்தில் கோத்தது. நடுவில் ஒரு சின்னச் சுடர் இருந்தால் போதும். மேலே போகிற வெளிச்சம், கீழே போகிற வெளிச்சம் எல்லாவற்றையும் இந்தப் பட்டைகள் மடக்கி, ஒரே கற்றையாகக் கடலுக்கு அனுப்பிவிடும்.

"ஒவ்வொரு பட்டையையும் பல் பிரஷ்ஷால தேய்ச்சேன்" என்றார் டாக்டர். "நாலு மாசம் ஆச்சு. எடை ரெண்டு டன். தள்ளிப் பாருங்க."

கிடியன் கறுப்பு விரலால் தொட்டான். கூடு சத்தமே இல்லாமல் சுழல ஆரம்பித்தது. அவன் பயந்து கையை எடுத்தான். அது நிற்கவில்லை.

"பாதரசத் தொட்டியில மிதக்குது. பாதரசம் அவ்வளவு கனம். எத்தனை டன்னா இருந்தாலும் தக்கை மாதிரி தூக்கிக்கும். நாளைக்கு அதிகாரி வந்து, ஒரு கறுப்புக் கட்டத்துக்காக இதையெல்லாம் எடுத்துக்கோன்னு சொல்லிட்டா..." டாக்டர் மூக்கை உறிஞ்சினார். பித்தளையில் கிடியனின் கறுப்பு ரேகை பதிந்திருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார்.

ஆஸ்லா கிடியனை வெளிமாடத்துக்கு இழுத்து வந்தார். கீழே மதில். முன்னால் கடல். டாக்டர் காதில் விழாத தூரம்.

"ஒரு கண்ணை மூடு. கட்டை விரலை நீட்டு. அதோ அந்த வேலிக் கம்பத்தை விரலால மறை."

"மறைச்சாச்சு."

"இப்போ தலையைக் கொஞ்சம் நகர்த்து."

"கம்பம் தெரியுது."

"மறுபடி மறையணும்னா?"

"பழைய இடத்துக்கே தலையைக் கொண்டு வரணும்."

"அவ்வளவுதான். கடல்ல கல்லு நட முடியாது. ஆனா மீன் ஒரு குறிப்பிட்ட மேட்டுலதான் மேயும். பத்து கஜம் தள்ளிப் போட்டா தூண்டில் வெறுமனே வரும். அதுக்குத்தான் கணிச்சம் பார்க்கறது. கரையில ரெண்டு பொருளை ஒண்ணுக்கு நேரா ஒண்ணு கொண்டு வந்தா, நீ ஒரு கோட்டு மேல இருக்கே. இன்னொரு பக்கம் வேற ரெண்டு பொருள், அது இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டற இடத்துல மீன். இப்போ ஒரு மைல் தள்ளிப் படகுல உக்காந்துக்கோ. முன்னால கோபுரம், பின்னால நீளமா வெள்ளை மதில், அதுல ஒரு கறுப்புக் கதவு. கோபுரத்தோட விளிம்புல அந்தக் கதவு பாதி மறைஞ்சு பாதி தெரியணும். அதுதான் கோடு."

கிடியன் மதிலைப் பார்த்தான். கோபுரத்தைப் பார்த்தான். "டாக்டர் கதவைப் பிடுங்கினார்னா..."

"ஒருத்தனோட வயித்துலேருந்து பிடுங்கியிருக்கார்."

"அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாமே!"

"எப்படிச் சொல்லுவான்? ஏன்னு டாக்டர் கேப்பார். சொன்னா, பாதி இடம் வெளியில போச்சு. நம்ம டாக்டர் கடைக்குப் போனா என்ன பண்ணுவார்னு உனக்கே தெரியும். இந்தத் தீவுல பெண்டாட்டிகிட்டக்கூட எங்க பிடிச்சேன்னு சொல்ல மாட்டாங்க. ஜெயிலுக்குப் போனாலும் போவானே தவிர, வாயைத் திறக்க மாட்டான்."

"அப்போ நாம எப்படிப் பிடிக்கறது?"

"அவன் மீனை வெச்சு" என்றார் ஆஸ்லா.

அடுத்த ஒரு மணி நேரத்தில் மூவரும் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு ஆஸ்லா, டாக்டரின் கரி மூடும் கறுப்புத் தார்ப்பாயைக் கதவு அளவுக்கு மடித்து, பழைய இடத்திலிருந்து சரியாக ஏழடி இடப்பக்கம் தொங்கவிடச் சொன்னார்.

"இதனால என்ன ஆகும்?" கிடியன் கேட்டான்.

"கணக்குப் போடு. கதவுக்கும் கோபுரத்துக்கும் அறுபது அடி. கோபுரத்துக்கும் படகுக்கும் ஒரு மைல். பிள்ளைங்க ஏறி இறங்கி ஆடற ஏத்தப்பலகை மாதிரிதான். குட்டைப் பக்கம் ஏழடி நகர்ந்தா, நெட்டைப் பக்கம் இருநூறு கஜம் தள்ளிப் போயிடும். கறுப்பைப் பார்த்து, தான் அடிச்சது அப்படியே இருக்குன்னு சந்தோஷமா தூண்டில் போடுவான். வெறும் மணல்ல. தீவுல அஞ்சு படகு, எல்லாம் மதியம்தான் கிளம்பும். நாலு நிறைஞ்சு வரும். ஒண்ணு காலியா வரும்."

"லோரியோடது."

"பார்ப்போம்."

நாலு மணிக்கு இருவரும் துறைமுகத்துக் கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். முதலில் வந்தது லோரி ஹால்க்ரோவின் படகு. தாடியும் தொப்பியுமாக மலை மாதிரி ஆள். கிடியன் எழுந்து எட்டிப் பார்த்தான். பெட்டிகளில் ஒரு ஹாடக் மீன்கூட இல்லை.

"மாட்டினான்" என்று கிசுகிசுத்தான். பிறகு குரலை உயர்த்தி, "என்ன அண்ணே, மீன் ஒண்ணும் காணோம்?" என்றான்.

"இஞ்சின் கோளாறு" என்றான் லோரி. இஞ்சின் பின்னால் பூனைபோல இழைந்து ஓடிக்கொண்டிருந்தது.

கிடியன் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தான். ஆஸ்லா அவன் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தார். "பிஸ்கட் மிச்சம் இருக்கு."

இரண்டாவது படகு ஹான்ஸி லீஸ்க்குடையது. காலி. "வயித்து வலிப்பா. தூண்டிலே போடல" என்று சொல்லிவிட்டு, ஆஸ்லா நீட்டிய பிஸ்கட்டில் மூன்றை எடுத்துத் தின்றான்.

மூன்றாவது அவன் அண்ணன் ராபி லீஸ்க். இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள்; படகு மட்டும் தனித்தனி. காலி. "தம்பிக்கு வயித்து வலின்னு மனசு சரியில்ல. சீக்கிரமா வந்துட்டேன்."

"நீங்க அவருக்கு அப்புறம்தானே வர்றீங்க?"

"மனசு சரியில்லேன்னா படகும் மெதுவாத்தானே வரும்?"

நாலாவது படகில் கடைக்காரி பாபி டல்லக். தபாலும் அவள்தான், சர்க்கரையும் அவள்தான், தீவில் அவள் காதுக்குத் தப்பிய செய்தியும் கிடையாது, அவள் வாயில் தங்கிய செய்தியும் கிடையாது. காலிப் பெட்டியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு மீன் பிடிக்கவா போனேன்? சும்மா காத்து வாங்கப் போனேன்" என்றாள்.

"முன்னூறு தூண்டிலோடயா?"

"உனக்கு ஏம்ப்பா அந்தக் கணக்கு?"

ஐந்தாவதாக வந்தவர் போதகர் யூன்சன். பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று போன ஞாயிறு அவர் ஒன்றரை மணி நேரம் பேசியதாக டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய படகும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கிடியனைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியில் வியர்வை.

"கர்த்தர் இன்றைக்கு வேறு விதமாகச் சித்தங்கொண்டார்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அது பொய்யில்லை.

கிடியன் கடைசி பிஸ்கட்டைக் கையில் வைத்தபடியே ஆஸ்லாவைப் பார்த்தான்.

"மேடம், ஒண்ணு காலியா வரும்னீங்க."

"என் கணக்கு தப்பு" என்றார் ஆஸ்லா. அவர் இதைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. "கூரைத் தார், அடுப்பு மெருகு, படகு பெயிண்ட், மரத்தார், ஷூ பாலிஷ். காலையிலேயே மூக்கு சொல்லுச்சு, மூளைதான் கேக்கல. அஞ்சு கறுப்பு, அஞ்சு பேர். சதியே இல்ல கிடியன். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. ஒவ்வொருத்தரோட ரெண்டாவது கோடு வேற வேற, அதனால ஒவ்வொருத்தரோட மேடும் வேற வேற. ஆனா முதல் கோடு எல்லாருக்கும் அந்த ஒரே கதவு. ஒவ்வொருத்தரும் அது தன் குடும்பத்து ரகசியம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"அப்போ ஒருத்தர் அடிச்சதும் மத்த நாலு பேரும்..."

"மறுநாள் கடல்லேருந்து கறுப்பைப் பார்த்து, டாக்டருக்குத் திடீர்னு புத்தி வந்துடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க."

கிடியன் சிரித்துச் சிரித்துக் கயிற்றுக் குவியலிலிருந்து சரிந்தான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "நாளைக்கு என்ன பண்றது? அதிகாரி வர்றதுக்குள்ள ஆறாவது தடவை எவனாவது அடிச்சா, டாக்டர் தெருவுல நிப்பார்."

ஆஸ்லா கோபுரத்துக்கு நடந்து, முதல் வேலையாகத் தார்ப்பாயைக் கழற்றச் சொன்னார். டாக்டரின் முன்னறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குக் காவலர்களின் பழைய தினப் புத்தகங்கள் இருந்தன. ஈரம் பட்டுவிடும் என்று டாக்டர் அவற்றைத் திறந்ததே இல்லை. ஆஸ்லா திறந்தார். கிடியனும் அவரும் ஆளுக்குப் பத்து புத்தகமாகப் புரட்டினார்கள். ஒவ்வொரு வருடமும் மே மாதம், கையெழுத்து மாறினாலும் வாசகம் மாறாமல், ஒரு வரி வந்தது: 'கரி அறைக் கதவுக்குத் தார் பூசப்பட்டது.'

"டாக்டர்" என்றார் ஆஸ்லா, "பத்திரத்துல என்ன இருக்கு? வெள்ளையா இருக்கணும்னா?"

"காவலர்கள் விட்டுச் சென்றபடி..." டாக்டர் நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மதிலைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பை விட வெளுத்துப் போயிற்று. "அப்போ கட்டடத்தைக் கெடுத்த ஆளு..."

"நீங்கதான். மத்தவங்க உங்களுக்கு இலவசமா வேலை பார்த்தவங்க."

"மத்தவங்கன்னா? எத்தனை பேர்?"

"அதை நாளைக்குப் பேசுவோம். அந்தக் கதவு எங்க?"

"அடுப்புல வெச்சு எரிச்சுட்டேன்" என்றார் டாக்டர் ஈனசுரத்தில்.

கடை மூட அரை மணி இருக்கும்போது ஆஸ்லா பாபி டல்லக்கிடம் போய் இன்னொரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினார். மீதிச் சில்லறைக்குக் காத்திருக்கையில் யாருக்கோ சொல்வதுபோலப் பெருமூச்சு விட்டார். "பாவம் டாக்டர். நாளைக்குக் காலையில பழைய கறுப்புக் கதவு ஒண்ணு மட்டும் கிடைச்சா, கல்லை எடுத்துட்டு அங்கயே மாட்டிடுவார். எங்க கிடைக்கப் போவுது?"

பாபியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சில்லறையில் ஒரு காசு கூடுதலாகக் கொடுத்துவிட்டாள்.

காலையில் கிடியன் கதவைத் திறந்தபோது மதில் ஓரமாக ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஐந்து. ஒன்று ஆட்டுக் கொட்டகைக் கதவு. ஒன்று, பாதி வெட்டிய படகுப் பலகை. இன்னொன்று சமையலறை அலமாரியுடையது, சர்க்கரை மணத்தோடு. ஒன்று கழிவறைக் கதவு. தாழ்ப்பாளில் 'ஆள் இருக்கிறது' என்ற எழுத்தை மட்டும் விட்டுவிட்டுத் தார் பூசியிருந்தார்கள். ஐந்தாவது கனமான ஓக் மரம். பளபளப்பாக இருந்தது. கிடியன் முகர்ந்து பார்த்தான். ஷூ பாலிஷ்.

"இன்னைக்கு எத்தனை வீட்டுல கதவில்லாம குளிருதோ" என்றான்.

பத்தரை மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லோரி, ஓடிப்போன ஆட்டைத் தேடி வந்தான். ஹான்ஸி, லோரியைத் தேடி வந்தான். ராபி, ஹான்ஸியைத் தேடி வந்தான். பாபி தபால் கொண்டுவந்தாள். தபால் எதுவும் இல்லை. போதகர் ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருடைய ஷூ மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. சுவரோரம் இருந்த ஐந்து கதவுகளை ஐவரும் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் நெற்றியைச் சுருக்கினார்கள்.

கில்கிறைஸ்ட் மெலிந்த, கறாரான மனிதர். படி ஏறினார், இறங்கினார், கண்ணாடிக் கூட்டைச் சுற்றி வந்தார். தினப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். மதில் முன்னால் வந்து நின்றார்.

"கதவு இருந்துதுன்னு புத்தகம் சொல்லுது. சரி. கல்லை எடுக்க ஒரு மாசம் தரலாம். ஆனா எந்த இடம்னு இதுல இல்லையே? இடம் ஊர்ஜிதமாகாம நான் கையெழுத்துப் போட முடியாது."

"என்கிட்ட அளவு..." என்று டாக்டர் ஆரம்பித்தார். ஆஸ்லா அவர் காலை மிதித்தார்.

"வாங்குனவர் சொல்ற அளவு செல்லாது. முன்னாலேருந்து தெரிஞ்ச சாட்சி யாராவது உண்டா?"

ஐந்து பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். காற்றில் கோபுரத்தின் கம்பிகள் மட்டும் முனகின.

"சாட்சி இல்லேன்னா பரவாயில்ல" என்றார் ஆஸ்லா உற்சாகமாக. "உத்தேசமா மாட்டிக்கலாம். கிடியன், பிடி."

இருவரும் ஓக் கதவைத் தூக்கி, பழைய இடத்துக்கு மூன்றடி இடப்பக்கம் சுவரோடு நிறுத்தினார்கள். ஆஸ்லா பையிலிருந்து ஒரு நீள ஆணியையும் சுத்தியலையும் எடுத்தார். ஆணியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார்.

"வலப்பக்கம் மூணடி!"

ஐந்து வாய்களிலிருந்து, ஒரே மூச்சில், ஒரே வார்த்தை. கோரஸ் பாடியதுபோல இருந்தது. போதகரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

லோரி மெதுவாகத் திரும்பிப் பாபியைப் பார்த்தான். பாபி போதகரைப் பார்த்தாள். போதகர் வானத்தைப் பார்த்தார்.

ஹான்ஸி தன் அண்ணனைப் பார்த்தான். "நாப்பது வருஷமா ஒரே தட்டுல சாப்பிடறோமேண்ணே" என்றான். "ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ சொன்னியா?"

"எனக்கு அப்பா சாகும்போது காதுல சொன்னார் அண்ணே. எனக்கு மட்டும்!"

"எனக்கு அதுக்கு முந்தின நாளே சொல்லிட்டார்."

கில்கிறைஸ்ட் தொண்டையைச் செருமினார். "அஞ்சு சாட்சி. ஒரே அளவு. இவ்வளவு துல்லியமான சாட்சியை என் உத்தியோகத்துல நான் பார்த்ததில்ல. எப்படித் தெரியும்னு மட்டும்..."

"அழகான கதவு" என்றான் லோரி.

"மறக்க முடியாத கதவு" என்றாள் பாபி.

அதிகாரி ஐந்து முகங்களையும் பார்த்தார். மேற்கொண்டு கேட்டுப் பயனில்லை என்று புரிந்துகொண்டவர்போல, பேனாவைத் திறந்தார். டாக்டரின் முதுகையே மேசையாக வைத்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். முதுகு குலுங்கிக்கொண்டே இருந்ததால் மூன்றாவது கையெழுத்து கோணிப்போயிற்று.

அவர் படகுக்குப் போனதும் ஐவரும் நகராமல் நின்றார்கள். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். அவர் பார்வை கோபுரத்தின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது கிடியனுக்குத் தெரிந்தது. ஐவருக்கும் தெரிந்தது. தொப்பிகள் கைகளில் கசங்கின.

"மேடம்" என்றார் டாக்டர், "உங்களை வரவழைச்சது குத்தவாளி யாருன்னு சொல்லத்தான். ஆனா சொல்லாதீங்க. பெர்த்துல முப்பது வருஷம் ஊர்ல இருக்கிறவங்க எல்லாரோட வாய்க்குள்ளயும் பார்த்திருக்கேன். கடையில ஆயிரம் பேசுவேன். ஆனா ஒரு வாய்க்குள்ள பார்த்ததை வெளியில சொன்னதே இல்ல."

யாரும் நன்றி சொல்லவில்லை. அந்தத் தீவில் அது வழக்கமில்லை. லோரி ஹால்க்ரோ மட்டும் இரண்டடி முன்னால் வந்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"டாக்டர், எனக்குக் கீழ் வரிசையில ஒண்ணு ஒரு வருஷமா குடையுது."

டாக்டர் பெத்யூனின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆயிற்று. ஆட்டுக் கொட்டகைக் கதவைக் கிடத்தி அதன் மேல் லோரியை உட்கார வைத்தார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "பெரிசா திறங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

பாபி எட்டிப் பார்த்தாள். லீஸ்க் சகோதரர்கள் எட்டிப் பார்த்தார்கள். போதகர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

டாக்டர் லோரியின் தாடையைச் சட்டென்று மூடினார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். "இது எங்க ரெண்டு பேருக்குள்ள."